க்யூப் சோதனையில் கைப்பிழை: கான்கிரீட்டின் வலிமை எங்கே தவறாகப் பதிவாகிறது, அதைத் தடுப்பது எப்படி

ஊற்றும் கான்கிரீட்டில் சிறிது எடுத்து, கனசதுர அச்சில் வார்த்து, குறிப்பிட்ட நாள் வரை நீரில் வைத்து, பின் எந்திரத்தில் நசுக்கி அதன் வலிமையைப் பார்ப்பதே க்யூப் சோதனை. சில ஆண்டுகளுக்கு முன்பு நான் மேற்பார்வையிட்ட ஒரு மூன்று மாடிக் கட்டடத்தில், முதல் தளக் கூரைக்கு ஊற்றிய எம்25 கான்கிரீட்டின் 28 நாள் க்யூப் முடிவுகள் 19.1, 20.4, 18.7 என்று வந்து சேர்ந்தன. எம்25 என்றால் 28 நாளில் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 25 நியூட்டன் அழுத்தத்தைத் தாங்க வேண்டும் என்று பொருள். 19.4 என்ற சராசரி, கூரையை இடிப்பதா என்று பேச வைக்கும் எண். சைட்டில் தண்ணீர் சேர்த்துவிட்டார்கள் என்று ரெடிமிக்ஸ் தரப்பு, அதாவது ஆலையில் கலந்து வண்டியில் அனுப்பியவர்கள், சொன்னது. வண்டியிலேயே சிமென்ட் குறைவு என்று ஒப்பந்தக்காரர் சொன்னார். நல்லவேளையாக அன்று வழக்கமான ஆறு க்யூபுக்குப் பதிலாக ஒன்பது போட்டு வைத்திருந்தோம். நீர்த் தொட்டியில் மீதமிருந்த மூன்றை ஈரச் சாக்கில் சுற்றி நானே ஆய்வகத்துக்கு எடுத்துச் சென்று, எந்திரத்தின் பக்கத்திலேயே நின்றுகொண்டேன். அங்கிருந்த இளைஞர் க்யூபை வார்த்த நிலையிலேயே, கரணையால் தேய்த்த முகம் மேலே இருக்கும்படி எந்திரத்துக்குள் வைத்தார். நிறுத்தச் சொல்லி, பக்கவாட்டில் புரட்டி வைக்கச் சொன்னேன். முடிவு 26.3, 25.1, 26.8. கூரை தப்பியது, 26 என்பதும் பெருமைப்படத்தக்க எண் அன்று என்பது வேறு விஷயம்.

அன்று முதல் எந்த முடிவுத்தாளைப் பார்த்தாலும், அந்த எண்ணில் கான்கிரீட்டின் பங்கு எவ்வளவு, அதைச் சோதித்த கைகளின் பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கும் பழக்கம் எனக்கு வந்துவிட்டது. சோதனைப் பிழைகளில் பெரும்பாலானவை எண்ணைக் குறைத்தே காட்டும். அதனால் நல்ல கான்கிரீட் கெட்ட பெயர் வாங்கும், பணம் விரயமாகும், உறவு கெடும். எண்ணைக் கூட்டிக் காட்டும் பிழைகள் சிலவே. ஆனால் அவை வந்தால் யாரும் கேள்வி கேட்பதில்லை, எல்லோரும் மகிழ்ச்சியாகக் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். எனவே ஒவ்வொரு படியிலும் இந்தத் தவறு எண்ணை எந்தப் பக்கம் இழுக்கும் என்று அறிந்து வேலை செய்வதே முறை. இந்தியாவில் இதற்கான நெறிகள் ஐ.எஸ். எனப்படும் இந்தியத் தர ஆவணங்களான ஐ.எஸ். 456, ஐ.எஸ். 516, ஐ.எஸ். 1199 ஆகியவற்றில் உள்ளன. பின்னிரண்டும் முதலில் 1959-இல் வெளியானவை. அண்மை ஆண்டுகளில் பகுதி பகுதியாகத் திருத்தி எழுதப்பட்டுள்ளன.

மாதிரியை எங்கே, எப்போது எடுப்பது

க்யூப் போடுவதற்கான கான்கிரீட்டை வண்டியிலிருந்து விழும் முதல் சட்டியிலோ கடைசிச் சட்டியிலோ எடுக்கக் கூடாது. முதலில் விழுவதில் சாந்து கூடுதலாகவும் கடைசியில் விழுவதில் ஜல்லி கூடுதலாகவும் இருக்க வாய்ப்புண்டு. இரண்டுமே அந்த வண்டியின் கலவையைப் பிரதிநிதிப்படுத்துவதில்லை. கொட்டும் வேலை பாதி நடக்கும்போது வெவ்வேறு நேரங்களில் சிறிது சிறிதாகப் பிடித்து, தண்ணீர் உறிஞ்சாத ஒரு தகட்டின் மேல் கொட்டி, மண்வெட்டியால் புரட்டிக் கலந்த பிறகே அச்சில் இட வேண்டும். வெறும் தரையிலோ காய்ந்த பலகையிலோ கொட்டினால் அது கலவையின் நீரைக் குடித்துவிடும்.

இதைவிடப் பெரிய பிழை நேரத்தில் நிகழ்கிறது. வண்டி வந்தவுடன் ஸ்லம்ப் (கூம்பில் நிரப்பிய கலவை, கூம்பைத் தூக்கியதும் எவ்வளவு அமிழ்கிறது என்ற இளக்கச் சோதனை) பார்த்து, க்யூபும் போட்டு முடித்த பின், பம்பில் ஓடவில்லை என்று டிரம்முக்குள் தண்ணீர் விடும் வழக்கம் பல இடங்களில் இன்னும் இருக்கிறது. கணக்கிட்டுப் பாருங்கள்: 6 கன மீட்டர் வண்டியில் 60 லிட்டர் சேர்த்தால் கன மீட்டருக்கு 10 லிட்டர். சிமென்ட் 320 கிலோ, தண்ணீர் 160 லிட்டர் என்று வடிவமைத்த கலவையில் நீர்–சிமென்ட் விகிதம் 0.50-இலிருந்து 0.53-க்கு ஏறிவிடும். கூரையில் போன கான்கிரீட்டின் வலிமை சில நியூட்டன் குறையும். க்யூபோ அதற்கு முந்தைய நல்ல கலவையின் வலிமையைக் காட்டும். கூட்டிக் காட்டும் பிழைகளில் இதுவே மிகப் பரவலானது என்பது என் கருத்து. விதி எளிது: தண்ணீரோ அட்மிக்ஸரோ (கலவையில் சேர்க்கும் வேதிப்பொருள்) எது சேர்த்தாலும் அதற்குப் பின்னரே மாதிரி, மாதிரிக்குப் பின் எது சேர்த்தாலும் அந்த மாதிரி செல்லாது, புதிதாக எடுக்க வேண்டும். "க்யூபுக்கு மட்டும் ஒரு சட்டி சிமென்ட் கூடப் போடுங்கள்" என்று சொல்லும் மேஸ்திரிகளைப் பற்றி இங்கே எழுதவில்லை. அது பிழையன்று, மோசடி.

ஸ்லம்ப் கூம்பைப் பற்றி ஒரு சொல். அதைச் செங்குத்தாக, முறுக்காமல், நிதானமாகத் தூக்க வேண்டும். வெடுக்கென்று இழுத்தாலோ திருகி எடுத்தாலோ கான்கிரீட் ஒரு பக்கமாகச் சரியும். அப்படிச் சரிந்த குவியலை அளந்து எழுதாமல், மறுபடி செய்ய வேண்டும். மறுமுறையும் சரிந்தால் கலவையில் பிணைப்பு போதவில்லை என்று பதிய வேண்டும்.

எத்தனை மாதிரி என்பதையும் ஐ.எஸ். 456 சொல்கிறது: 5 கன மீட்டர் வரை ஒன்று, 6 முதல் 15 வரை இரண்டு, 16 முதல் 30 வரை மூன்று, 31 முதல் 50 வரை நான்கு, அதற்கு மேல் ஒவ்வொரு 50 கன மீட்டருக்கும் அல்லது அதன் பகுதிக்கும் கூடுதலாக ஒன்று. ஒரு மாதிரி என்பது மூன்று க்யூப். 7 நாளுக்கும் பார்க்க வேண்டுமானால் இன்னொரு மூன்று. என் அனுபவத்தில், சந்தேகம் வந்தால் உடைத்துப் பார்ப்பதற்கென்று மேலும் மூன்று போட்டு வைப்பது, பின்னால் கட்டடத்தையே துளைத்து உருளைத் துண்டாகக் கோர் எடுக்கும் செலவோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

அச்சும் குத்துக்கம்பியும்

க்யூப் அச்சு 150 மில்லிமீட்டர் பக்கம் கொண்டது. எதிரெதிர் முகங்களுக்கு இடையிலான தூரத்தில் 0.2 மில்லிமீட்டர், கோணத்தில் அரை பாகை, முகத்தின் சமதளத்தில் 0.03 மில்லிமீட்டர் மட்டுமே வேறுபாடு அனுமதி. இவற்றில் எது முக்கியம் என்று தெரிந்திருக்க வேண்டும். ஒரு பக்கம் 2 மில்லிமீட்டர் அகலமாகிவிட்டால் பரப்பளவு 22,500-இலிருந்து 22,800 சதுர மில்லிமீட்டராகும். அதனால் வரும் பிழை ஒன்றரை விழுக்காட்டுக்கும் குறைவு, அளந்து கணக்கிட்டால் அதுவும் மறைந்துவிடும். ஆனால் முகம் வளைந்தோ குழிந்தோ இருந்தால், எந்திரத்தின் இரும்புத் தட்டு சில புள்ளிகளில் மட்டும் தொட்டு அழுத்தும். க்யூப் தன் வலிமையைக் காட்டும் முன்பே அந்தப் புள்ளிகளில் பிளக்கத் தொடங்கும். கான்கிரீட் ஒட்டியிருப்பதை எடுக்கச் சுத்தியலால் அடித்து அடித்து வளைந்துபோன அச்சுகள்தாம் சைட்டுகளில் அதிகம். ஓர் இரும்பு அளவுகோலை முகத்தின் குறுக்கே நிறுத்தி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். இடையில் வெளிச்சம் தெரிந்தால் அந்த அச்சை ஒதுக்கிவிடலாம்.

அச்சின் இணைப்புகளை இறுக்கி, மூலைகளில் கிரீஸ் தடவி, உட்புறத்தில் எண்ணெயை மெல்லிய படலமாகத் துடைத்துவிட வேண்டும். இணைப்பு தளர்ந்திருந்தால் சிமென்ட் பால் வழிந்துபோய், விளிம்புகளில் ஜல்லி மட்டும் தேன்கூடு போல நிற்கும். எண்ணெய் அடியில் குளம்போல் தேங்கினால் அந்த முகம் பொருபொருவென்று வரும்.

இனி குத்துதல். 16 மில்லிமீட்டர் விட்டமும் 600 மில்லிமீட்டர் நீளமும் உள்ள, முனை உருண்ட கம்பி. சுமார் 50 மில்லிமீட்டர் தடிப்பில் மூன்று அடுக்கு. அடுக்குக்கு 35 குத்துக்குக் குறையாமல். ஆக ஒரு க்யூபுக்கு 105 குத்து, மூன்று க்யூபுக்கு 315. வெயிலில் குனிந்து நின்று இதைச் செய்பவருக்கு இரண்டாவது க்யூபிலேயே கை சோர்ந்துவிடும் என்பதை நான் பார்த்திருக்கிறேன். முதல் க்யூப் நன்றாகவும் மூன்றாவது மட்டமாகவும் வருவதற்கு இதைவிடப் பெரிய மர்மம் எதுவும் தேவையில்லை. ஆள் மாற்றிச் செய்யலாம். அல்லது மூன்று அச்சிலும் முதல் அடுக்கை முடித்துவிட்டு, பிறகு மூன்றிலும் இரண்டாவது என்று போகலாம். கம்பி கீழ் அடுக்குக்குள்ளும் சற்று இறங்க வேண்டும். குத்தி முடித்ததும் அச்சின் பக்கங்களை லேசாகத் தட்டினால் குத்திய துளைகள் மூடிக்கொள்ளும். மிச்சம் கிடந்த முறுக்குக் கம்பித் துண்டால் குத்துவது கூடாது. வெட்டிய முனை ஜல்லியை ஒதுக்கித் துளையைத்தான் விட்டுச் செல்லும். கலவை கெட்டியாக இருந்தால் வைப்ரேட்டர் மேசை பயன்படுத்தலாம். கூரைக்குப் பயன்படுத்தும் தடித்த ஊசி வைப்ரேட்டரை 150 மில்லிமீட்டர் அச்சுக்குள் விடுவதை நான் அனுமதிப்பதில்லை. ஜல்லி அடியில், சாந்து மேலே என்று பிரித்துவிடும்.

இறுகாத கான்கிரீட்டின் தண்டனை கடுமையானது. உள்ளே 2 விழுக்காடு வெற்றிடம் இருந்தால் வலிமை 10 விழுக்காட்டுக்கு மேல் குறையும்; 5 விழுக்காடு இருந்தால் 30 விழுக்காடு வரை போய்விடும். இதைக் கண்டுபிடிக்க ஒரு தராசு போதும். 150 மில்லிமீட்டர் க்யூபின் கன அளவு 0.003375 கன மீட்டர். கன மீட்டருக்கு 2,400 கிலோ அடர்த்தி என்றால் எடை 8.1 கிலோ. உங்கள் க்யூப் 7.7 கிலோ நின்றால், அதில் ஏறத்தாழ 5 விழுக்காடு காற்று இருக்கிறது என்று பொருள். தொட்டியிலிருந்து எடுத்து, மேல் நீரைத் துணியால் ஒற்றி, உடைக்கும் முன் ஒவ்வொன்றையும் எடை பார்த்து எழுதுங்கள். ஜல்லியின் அடர்த்தியைப் பொறுத்து அந்த 8.1 சற்று ஏறி இறங்கும்; ஆனால் ஒரே வண்டியின் மூன்று க்யூபுகளில் ஒன்று மட்டும் முந்நூறு கிராம் குறைந்தால் அது கலவையின் குற்றமாக இருக்க முடியாது. வலிமை குறைந்த முடிவுத்தாளில் எடைப் பத்தி காலியாக இருந்தால், அந்தத் தாளை வைத்துக்கொண்டு யாரையும் குற்றஞ்சாட்ட முடியாது என்பதே என் நிலை.

முதல் நாள்

வார்த்த க்யூப் முதல் 24 மணி நேரம் அசையாமல், அதிராமல், காயாமல் இருக்க வேண்டும். ஆய்வகத்தில் அதற்கு 27 பாகை செல்சியஸ், இரண்டு பாகை கூடக் குறைய, ஈரப்பதம் 90 விழுக்காடு என்று விதி. சைட்டில் வார்த்தால் ஈரச் சாக்கு மூடி 22 முதல் 32 பாகைக்குள் நிழலில் வைக்கச் சொல்கிறது ஐ.எஸ். 516. சித்திரை, வைகாசியில் வேலூரிலோ மதுரையிலோ திறந்த வெளியில் இரும்பு அச்சு எவ்வளவு சுடும் என்பது தொட்டவர்க்குத் தெரியும். அந்தச் சூட்டில் சிமென்ட் வேகமாக வினைபுரிந்து தொடக்க வலிமையைச் சீக்கிரம் தரும். ஆனால் பின்னால் வளர வேண்டிய வலிமை குறையும். 7 நாள் முடிவு நன்றாக வந்து 28 நாள் முடிவு ஏமாற்றினால், முதல் நாள் க்யூப் எங்கே இருந்தது என்று முதலில் கேளுங்கள். கலவை எந்திரம், பம்ப், வண்டி போகும் பாதை ஆகியவற்றின் பக்கத்தில் அச்சுகளை அடுக்குவதும் தவறு. படிக்கட்டின் அடியில் நிழலான, சமதளமான ஓரிடத்தை இதற்கென்று ஒதுக்கிவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

அச்சைக் கழற்றியவுடன் அடையாளம் எழுதுவதிலும் ஒரு நுட்பம் உண்டு. தேதி, வண்டி எண், இடம் ஆகியவற்றைக் கரணை தேய்த்த மேல் முகத்தில் மட்டுமே எழுதுங்கள். எந்திரத்தில் வைக்கும்போது எழுத்து உங்களைப் பார்த்து நின்றால் க்யூப் சரியாக இருக்கிறது. எழுத்து மேலேயோ கீழேயோ மறைந்தால் தவறாக இருக்கிறது. என் கூரையை அந்தச் சந்தேகத்திலிருந்தே காப்பாற்றியிருக்கக் கூடிய இந்தச் சின்ன ஏற்பாடு அன்று எனக்குத் தோன்றவில்லை.

தொட்டியில்

நீராற்றும் தொட்டியின், அதாவது கான்கிரீட் வலுவடைய ஈரமாகவே வைத்திருக்கும் தொட்டியின், நீரும் 27 பாகை அளவில் இருக்க வேண்டும். சைட் தொட்டிக்கு 24 முதல் 30 வரை. மொட்டை மாடியில் கறுப்புப் பிளாஸ்டிக் டிரம்மில் போட்டு வைப்பது இதற்குப் பொருந்தாது. நூறு, இருநூறு ரூபாய் வெப்பமானி ஒன்றைத் தொட்டியில் கட்டித் தொங்கவிட்டு, மதியம் ஒருமுறை பார்த்து எழுதினால் போதும். நீரை ஏழு நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். ஓடும் நீரில் வைக்கக் கூடாது, கான்கிரீட்டில் உள்ள சுண்ணாம்பை அது கரைத்துக்கொண்டு போகும். லிட்டருக்கு மூன்று கிராம் சுண்ணாம்பு கலந்துவிடுவது இன்னும் நல்லது.

இங்கே ஒரு தவறான புரிதலைக் களைய வேண்டும். தொட்டியில் கிடந்த க்யூப் காட்டுவது, உங்களுக்கு வந்த கான்கிரீட் நல்ல பராமரிப்பில் எவ்வளவு வலிமை பெறக்கூடும் என்பதை. மூன்றே நாள் தண்ணீர் ஊற்றிவிட்டு விட்ட தூணின் வலிமை அதுவன்று. க்யூப் தேறியதைக் காட்டித் தூணின் நீராற்றலை நியாயப்படுத்துவது, எண் சரியாக இருந்தும் பொருள் தவறாகும் வகையைச் சேர்ந்தது.

கொண்டுபோகும் வழியில்

28 நாள் பொத்திக் காத்ததை, இருசக்கர வண்டியின் முன்பக்கத்தில் வைத்து, நண்பகல் வெயிலில், மேடு பள்ளத்தில் குலுக்கிக்கொண்டு போய்க் கொடுத்தால் பயனில்லை. ஈர மணல் அல்லது ஈரச் சாக்கில் பொதிந்து, உடைப்பதற்கு 24 மணி நேரத்துக்கு முன்பே ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும். ஆய்வகம் மறுபடி நீரில் போட்டு, ஈரமாகவே எடுத்து உடைக்க வேண்டும். காரணம் வெளிப்படை: காய்ந்த க்யூப், ஈரமானதைவிட 10 முதல் 20 விழுக்காடு வரை கூடுதல் வலிமை காட்டும். 22 தாங்கக் கூடிய கான்கிரீட், காய்ந்திருந்தால் 25-ஐத் தாண்டித் தேறிவிடும். முடிவுத்தாளில் இதற்குச் சுவடே இருக்காது. ஆய்வக மேசையின் மேல் காலையிலிருந்து வரிசையாகக் காய்ந்துகொண்டிருக்கும் க்யூபுகளைக் கண்டால், அவை உங்களுடையவை என்றாலும் மகிழ வேண்டாம்.

எந்திரத்தின் முன் அந்த இரண்டு நிமிடம்

தட்டுகளைத் துடைத்து, முந்தைய க்யூபின் துகள் ஒன்றும் இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வார்த்தபோது பக்கவாட்டில் அச்சின் இரும்பைத் தொட்டிருந்த முகங்களே சுமை ஏற்க வேண்டும், ஏனெனில் அவையே சமதளம். க்யூப் தட்டின் நட்ட நடுவில் அமர வேண்டும். அட்டை, ப்ளைவுட், சாக்கு என எதையும் இடையில் வைக்கக் கூடாது. மென்மையான பொருள் பக்கவாட்டில் பிதுங்கும்போது கான்கிரீட்டையும் இழுத்துப் பிளக்கும், எண் குறையும். மேல் தட்டின் கோளத் தாங்கி தானாக அசைந்து க்யூபின் முகத்தோடு பொருந்த வேண்டும். துருப்பிடித்து இறுகிப்போன தாங்கியை நான் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் கண்டிருக்கிறேன்.

சுமை ஏற்றும் வேகம் நிமிடத்துக்கு ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 14 நியூட்டன். 150 மில்லிமீட்டர் க்யூபுக்கு அது நிமிடத்துக்கு 315 கிலோ நியூட்டன், அதாவது நொடிக்கு ஐந்தேகால். இதிலிருந்து ஓர் எளிய சோதனை கிடைக்கிறது: 28 நியூட்டனில் உடையும் க்யூப், உடைவதற்குச் சரியாக இரண்டு நிமிடம் எடுக்க வேண்டும். கைப்பேசியில் நேரம் பாருங்கள். முப்பது, நாற்பது நொடியில் படாரென்று உடைந்தால், சுமை மிக வேகமாக ஏறியிருக்கிறது, எண் கூடிக் காட்டியிருக்கிறது. மாலை ஐந்து மணிக்கு இன்னும் நாற்பது க்யூப் மிச்சமிருக்கும் ஆய்வகத்தில் இந்தத் தவறு இயல்பாகவே நடக்கும்.

உடைந்த துண்டுகளையும் படிக்கலாம். ஒழுங்காக உடைந்த க்யூபின் நான்கு பக்கங்களும் ஏறத்தாழ ஒரே அளவில் உதிர்ந்து, இடுப்பு ஒடுங்கி, உடுக்கை போல நிற்கும். ஒரு மூலை மட்டும் தெறித்து மற்ற மூன்று பக்கமும் முழுசாக இருந்தால், சுமை ஓரமாக விழுந்திருக்கிறது அல்லது முகம் சமதளமாக இல்லை. அந்த எண்ணைக் கான்கிரீட்டின் கணக்கில் எழுத முடியாது. ஒவ்வொரு க்யூபையும் உடைந்தவுடன் ஒரு படம் எடுத்து வையுங்கள். எந்திரத்தின் அளவுத்திருத்தச் சான்றிதழைக் கேட்டுப் பாருங்கள். ஓராண்டுக்கு மேல் பழையதாக இருந்தால் வேறு ஆய்வகம் தேடலாம். என்.ஏ.பி.எல். (ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் உள்ள ஆய்வகமாக இருந்தாலும், அந்த அங்கீகாரம் இந்தக் குறிப்பிட்ட சோதனைக்கும் உண்டா என்று பார்க்க வேண்டும்.

கணக்கில் நிகழும் பிழை

மூன்று க்யூபின் முடிவுகள் 27.1, 26.2, 18.9 என்று வைத்துக்கொள்வோம். சராசரி 24.07. விதிப்படி ஒவ்வொன்றும் சராசரியிலிருந்து 15 விழுக்காட்டுக்குள், அதாவது 20.46-க்கும் 27.68-க்கும் இடையில் இருக்க வேண்டும். 18.9 வெளியே விழுகிறது. இப்போது வழக்கமாக என்ன நடக்கிறது? 18.9-ஐ அடித்துவிட்டு மற்ற இரண்டின் சராசரியை, 26.65 என்று, எழுதிவிடுகிறார்கள். அது தவறு. அந்த மாதிரி முழுவதுமே செல்லாது. மூன்றாவது ஏன் குறைந்தது என்பதுதான் ஆராய வேண்டிய கேள்வி.

அடுத்து, ஒரு மாதிரி 25-ஐத் தாண்டியதால் எம்25 தேறிவிட்டது என்று எண்ணுவதும் தவறு. தொடர்ச்சியான நான்கு மாதிரிகளின் சராசரி, குறிப்பிட்ட வலிமையைவிடக் குறைந்தது 3 நியூட்டனாவது கூடுதலாக இருக்க வேண்டும். எந்தத் தனி மாதிரியும் அதிலிருந்து 3-க்கு மேல் இறங்கக் கூடாது. எம்25-க்கு முறையே 28, 22. சைட்டின் திட்ட விலக்கம், அதாவது முடிவுகள் சராசரியைச் சுற்றிச் சிதறும் அளவு, அதிகமாக இருந்தால் 28 இன்னும் மேலே போகும்.

இந்தத் திட்ட விலக்கத்தில்தான் பணம் ஒளிந்திருக்கிறது. கலவை வடிவமைப்பில் இலக்கு வலிமை என்பது குறிப்பிட்ட வலிமையோடு திட்ட விலக்கத்தின் 1.65 மடங்கைக் கூட்டுவது. எம்25-க்கு விலக்கம் 4 என்றால் இலக்கு 31.6, அதுவே 6 ஆனால் 34.9. க்யூப் போடும் கை சீரற்றதாக இருந்தால், கான்கிரீட் எவ்வளவு சீராக இருந்தாலும் எண்கள் சிதறும், விலக்கம் ஏறும், அதை ஈடுகட்ட ஒவ்வொரு கன மீட்டருக்கும் தேவையில்லாத சிமென்ட் போகும்.

எண் குறைந்துவிட்டால்

முதலில் சுத்தியலைத் தேட வேண்டாம். எடைகள், உடைந்த படங்கள், வார்த்த தேதி, தொட்டியின் வெப்பக் குறிப்பு, எந்திரத்தின் சான்றிதழ் ஆகியவற்றை மேசையில் பரப்புங்கள். மிகுதி க்யூப் இருந்தால் நேரில் நின்று உடையுங்கள். பல வழக்குகள் இங்கேயே முடிந்துவிடும்.

முடியாவிட்டால், பரப்பில் அடித்து எவ்வளவு துள்ளித் திரும்புகிறது என்று பார்க்கும் ரீபவுண்ட் சுத்தியலும், கான்கிரீட்டின் ஊடே ஒலியலை செல்லும் வேகத்தை அளக்கும் அல்ட்ராசோனிக் கருவியும் வரும். சுத்தியல் மேற்பரப்பின் கடினத்தை மட்டும் தொட்டுப் பார்க்கிறது. அதிலிருந்து சொல்லும் வலிமையில் 25 விழுக்காடு மேலேயோ கீழேயோ பிழை வரக்கூடும் என்று அதற்கான இந்திய நெறியே ஒப்புக்கொள்கிறது. காற்றிலுள்ள கரியமில வாயுவால் மேற்பரப்பு இறுகிப்போன பழைய கான்கிரீட்டில், அது உண்மையைவிட 50 விழுக்காடு வரைகூடக் கூட்டிக் காட்டலாம். பூச்சின் மேல் அடிப்பதும், ஈரமான பரப்பில் அடிப்பதும், கருவியோடு வந்த வரைபடத்தை அப்படியே நம்புவதும் வழக்கமான தவறுகள். எந்தத் தூண் மற்றவற்றைவிடப் பலவீனம் என்று ஒப்பிட்டுக் கண்டுபிடிக்க அது நல்ல கருவி. தேறியதா இல்லையா என்று தீர்ப்புச் சொல்ல அதற்குத் தகுதியில்லை. அல்ட்ராசோனிக் வேகத்தைப் பொறுத்தவரை, அலை செல்லும் பாதையில் கம்பி இருந்தால் வேகம் கூடிக் காட்டும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

கடைசி வழி கோர். குறைந்தது மூன்று எடுக்க வேண்டும். க்யூபுக்கு நிகராக மாற்றிய சராசரி வலிமை குறிப்பிட்டதில் 85 விழுக்காடாவது இருக்க வேண்டும், எந்த ஒன்றும் 75-க்குக் கீழே போகக் கூடாது. எம்25-க்கு அது 21.25, 18.75. விட்டம் பெரிய ஜல்லியின் மூன்று மடங்குக்குக் குறையக் கூடாது; நீளம் விட்டத்தைப் போல இரு மடங்குக்கு அருகில் இருந்தால் திருத்தக் காரணியின் தேவை குறையும். துளை எந்திரத்தைத் தரையில் இறுகப் பொருத்தாவிட்டால் கோர் அலை அலையாக வரும். முனைகளைச் செங்குத்தாக வெட்டி மெல்லிய பூச்சால் சமப்படுத்தாவிட்டால், கரணை முகத்தில் உடைத்த க்யூபின் கதையே திரும்பும். கம்பி இருக்கும் இடத்தை முன்பே கருவியால் பார்த்துக் குறித்துவிட்டுத் துளையிடுங்கள். கம்பி வெட்டுப்பட்ட கோர் சோதனைக்கும் உதவாது, கூரையிலும் ஒரு கம்பி போய்விடும். எடுத்த இடத்தைக் கட்டட வரைபடத்தில் குறித்து, கோரின் பக்கவாட்டில் அதன் எண்ணையும் எந்த முனை மேலே இருந்தது என்பதையும் எழுதி, உடைக்கும் முன் நான்கு பக்கமும் படம் எடுத்து, துளையைச் சுருங்காத கிரவுட்டால் (அடைப்புச் சாந்தால்) அன்றே அடைத்துவிட வேண்டும்.